ஃப்ரீசவுண்ட்: பதினோரு வருஷம் யூஸ் பண்ணின ஒரு சவுண்ட் டிசைனரோட ரிவ்யூ

சினிமாவுக்கு சவுண்ட் டிசைன் பண்றது என் தொழில், மிச்ச நேரத்துல எலக்ட்ரோஅக்கூஸ்டிக் மியூசிக் (பதிவு பண்ணின சத்தங்களை வெட்டி, மாத்தி செய்யுற இசை) கம்போஸ் பண்ணுவேன். இந்த ரெண்டுக்கும் சேர்த்து நான் அதிகமா கை வச்சது எதுன்னு கேட்டா மைக்கும் இல்ல, எடிட் பண்ற ப்ரோ டூல்ஸ் சாஃப்ட்வேரும் இல்ல, ஃப்ரீசவுண்ட்ங்கிற வெப்சைட்தான். அக்கவுண்ட் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. புதுசா இந்த ஃபீல்டுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க "அண்ணா எஃபெக்ட்ஸ் எல்லாம் எங்க எடுக்குறீங்க, எந்த லைப்ரரி வாங்கணும்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி தொண்டை வத்திப்போச்சு, அதான் ஒரே தடவையா முழுசா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நீளமா போகும், டீ வச்சுக்கிட்டு படிங்க.

ஃப்ரீசவுண்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஸ்பெயின்ல பார்சிலோனாவுல பொம்பேயு ஃபாப்ரா யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு, அங்க மியூசிக் டெக்னாலஜி குரூப்னு ஒரு ரிசர்ச் டீம், அவங்க 2005ல ஆரம்பிச்சது இது. உலகம் பூரா ஆளுங்க தாங்களே ரெக்கார்ட் பண்ணின சத்தத்தை அதுல ஏத்துவாங்க, நாம இலவசமா இறக்கிக்கலாம். பாட்டு கிடையாது, சத்தம். கதவு சத்தம், மழை சத்தம், ஃபேக்டரி சத்தம், காலியா கிடக்குற சர்ச்சுக்குள்ள இருக்குற அமைதி, இப்படி ஆறு லட்சத்துக்கும் மேல இருக்கு. விளம்பரம் இல்ல, சப்ஸ்கிரிப்ஷன் இல்ல, நன்கொடையிலயும் யுனிவர்சிட்டி ஆதரவுலயும் ஓடுது. கேக்குறதுக்கு அக்கவுண்ட் வேணாம், டவுன்லோட் பண்ண மட்டும் வேணும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா அது தெரியாம இந்த ரிவ்யூ புரியாது. மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம் எனக்கு. 2009ல ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கினப்போதான் சினிமாவுல சத்தத்துக்குன்னு தனியா ஒரு ஆள் இருப்பாங்கன்னே எங்க வீட்டுக்கு தெரிஞ்சுது. ஆடியோ இன்ஜினியரிங் படிச்சு முடிச்சு சாலிகிராமத்துல ஒரு ஸ்டுடியோவுல அசிஸ்டன்ட்டா சேர்ந்தேன். முதல் ரெண்டு வருஷம் எனக்கு குடுத்த வேலை ஆம்பியன்ஸ் போடுறது. அதாவது சீன்ல ஆளுங்க பேசுறது டப்பிங்ல வந்துடும், நடக்குறது தொடுறது எல்லாம் ஃபோலியில (படத்தைப் பாத்து ஸ்டுடியோவுல செஞ்சு பதிவு பண்ற சத்தம்) வந்துடும், ஆனா அந்த இடத்தோட மூச்சு, அதை யாராவது போட்டாகணும். தெரு, ஹோட்டல், வயக்காடு, ஆஸ்பத்திரி வராண்டா, எல்லாத்துக்கும் பின்னால ஒரு படுக்கை மாதிரி சத்தம் விரிக்கணும். ஸ்டுடியோ ஹார்ட் டிஸ்க்ல பெரிய கமர்ஷியல் லைப்ரரிங்க இருந்துச்சு, அதுல எந்த ஃபைல் எடுத்தாலும் அமெரிக்கா இல்லன்னா இங்கிலாந்து. சீனியர் ஒருத்தர் சொல்லித்தான் ஃப்ரீசவுண்டுக்கு வந்தேன். சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியா இருந்த காலம், காசு குடுத்து லைப்ரரி வாங்குறது எல்லாம் கனவு, அந்த நேரத்துல இது இல்லாம போயிருந்தா நான் இந்த தொழில்ல நின்னிருக்கவே மாட்டேன். இதை மனசார சொல்றேன்.

சரி, எப்படி யூஸ் பண்றதுன்னு வரேன். தேடுற பெட்டியில "ரெயின்"னு இங்கிலீஷ்ல அடிச்சா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், அப்படி தேடாதீங்க. அங்க இருக்குற ஃபில்டர் எல்லாத்தையும் பாருங்க, லைசென்ஸ் என்ன, சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளந்திருக்கு) என்ன, பிட் (ஒவ்வொரு அளவும் எவ்ளோ நுணுக்கம்) எவ்ளோ, மோனோவா ஸ்டீரியோவா, எல்லாத்தையும் வச்சு சல்லடை போட முடியும். மழைன்னு தேடாம மழை எதுமேல விழுதுன்னு தேடணும். தகர ஷீட் மேல, வாழை இலை மேல, கார் மேல, தார்பாய் மேல. அப்புறம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அலை படம் வரும் பாருங்க, அது சும்மா அழகுக்கு கலர் அடிச்சது இல்ல, சத்தத்தோட பிரகாசத்தை வச்சு கலர் மாறும், கனமான சத்தம் ஒரு நிறம், கீச்சுன்னு இருக்குறது வேற நிறம். கொஞ்ச நாள் பழகினா ப்ளே பண்றதுக்கு முன்னாடியே கண்ணால பாதி வடிகட்டிடலாம். ஒரு சத்தம் கிட்டத்தட்ட சரியா இருக்கு ஆனா முழுசா செட் ஆகலன்னா அதே மாதிரி இருக்குற வேற சத்தங்களைக் காட்டுற பட்டன் ஒண்ணு இருக்கு, என்னோட பல நல்ல கண்டுபிடிப்புங்க அதுல தடுக்கி விழுந்ததுதான், உரசுற சத்தம் தேடிப்போயி கடைசில பனிக்கட்டி உடையுற சத்தத்துல போயி நிப்பேன், சீனுக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்.

டிஸ்கிரிப்ஷனை கண்டிப்பா படிங்க. எந்த மைக், எந்த ரெக்கார்டர், எந்த ஊர், எத்தனை மணிக்குன்னு எழுதியிருக்குற ஆளோட சத்தத்தை நம்பி எடுக்கலாம், அவங்களோட மத்த அப்லோடுகளையும் பேக்குகளையும் போயி பாருங்க, ஒரே இடத்தை பத்து கோணத்துல எடுத்து வச்சிருப்பாங்க. ஒண்ணுமே எழுதாம பெரிய ஆக்‌ஷன் படத்துல வர்ற மாதிரி பளபளன்னு ஒரு வெடிச்சத்தம் இருந்தா அது அவங்க ரெக்கார்ட் பண்ணினதுதானான்னு ஒரு தடவை யோசிங்க. அங்க மாடரேட்டருங்க தன்னார்வலர்களா உட்கார்ந்து கேட்டுத்தான் விடுறாங்க, இருந்தாலும் உங்க படத்துக்கு நீங்கதான் பொறுப்பு.

இப்ப லைசென்ஸ். இதைத்தான் கத்திச் சொல்லணும்னு நினைச்சேன். அங்க முக்கியமா மூணு வகை இருக்கு, மூணும் கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைச்சவரே மத்தவங்க எடுத்துக்கலாம்னு முன்கூட்டியே அனுமதி குடுக்குற பொது லைசென்ஸ். சிசி ஜீரோ, அதை எடுத்து என்ன வேணா பண்ணலாம், பேர் கூட போட வேணாம். அட்ரிபியூஷன், காசு பண்ற படத்துலயும் யூஸ் பண்ணலாம், ஆனா யார் எடுத்தாங்க, எங்க எடுத்தோம், என்ன லைசென்ஸ், நாம அதை மாத்தினோமான்னு கிரெடிட் குடுக்கணும். மூணாவது நான்-கமர்ஷியல், இதை தியேட்டர்ல டிக்கெட் விக்கிற படத்துலயோ ஓடிடியிலயோ விளம்பரத்துலயோ தொடவே கூடாது. எனக்கு இது எப்படி புத்தியில ஏறுச்சுன்னா, தனியா நான் பொறுப்பெடுத்து செஞ்ச முதல் படம், ஃபைனல் மிக்ஸுக்கு மூணு நாள் இருக்கு, வெளிய வாங்கின சத்தங்களோட லிஸ்ட் குடுங்கன்னு ப்ரொடக்‌ஷன் சைடுல இருந்து கேட்டாங்க. உட்கார்ந்து ஒவ்வொண்ணா பாத்தா ரெண்டு ரீலுக்குள்ள மட்டும் பதினோரு நான்-கமர்ஷியல் சத்தம் கிடக்குது. டெமோவுக்குன்னு போட்டு வச்சது, அப்படியே படத்துக்குள்ள தங்கிடுச்சு. தப்பு முழுக்க என்னோடது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல, பதினோரு சத்தத்தையும் தூக்கிட்டு வேற போட்டேன், ஒரு கதவு கிறீச் சத்தத்துக்கு மாத்து கிடைக்காம ஓனர் அக்கா வீட்டு மொட்டமாடிக் கதவை ராத்திரி ரெண்டு மணிக்கு ரெக்கார்ட் பண்ணினேன். அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம், ஃபைலை இறக்கின அந்த நிமிஷமே ஒரு ஷீட்ல சத்தத்தோட பேர், ஏத்தினவர் பேர், லைசென்ஸ், தேதி எழுதிடுவேன், நான்-கமர்ஷியலை தனி ஃபோல்டர்ல கூட வச்சுக்க மாட்டேன், இறக்கவே மாட்டேன். உங்களுக்கும் அதான் சொல்றேன், படம் முடிஞ்சப்புறம் தேடிக்கலாம்னு நினைக்காதீங்க, நூறு ட்ராக்குக்குள்ள நாலு லேயரா வெட்டி ஒட்டின சத்தத்தோட பூர்வீகம் உங்களுக்கே தெரியாம போயிடும்.

பேர் போடுறது பாரம் இல்லங்க. 2006ல வந்த சில்ரன் ஆஃப் மென் படத்துல ஃப்ரீசவுண்ட்ல இருந்து எடுத்த ஒரு அலறல் சத்தம் இருக்கு, அதுக்கு கிரெடிட்லயும் போட்டாங்க. யாரோ ஒருத்தர் கத்தி ரெக்கார்ட் பண்ணி ஏத்தினது. ஹாலிவுட் படத்துக்கே அது குறையா தெரியல, நமக்கு என்ன.

டெக்னிக்கலா ஒரு விஷயம், இதை எந்த கோர்ஸ்லயும் எனக்கு யாரும் சொல்லித்தரல. சவுண்ட் டிசைன்ல பாதி வேலை சத்தத்தை மெதுவாக்குறதுதான். குக்கர் விசிலை நாலு மடங்கு மெதுவாக்கினா அது விசிலே இல்ல, தூரத்துல ஏதோ ஒரு பெரிய மிருகம் அழுவுற மாதிரி ஆயிடும், பிட்ச் ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) இறங்கிடும், பத்து செகண்ட் நாப்பது செகண்ட் ஆயிடும். ஆனா 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்ல எடுத்த ஃபைல்ல அதுல பாதி, அதாவது 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே கிடையாது, அதை நாலு மடங்கு மெதுவாக்கும்போது உச்சி 5.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும், கம்பளி போத்தி கேக்குற மாதிரி மொத்தையா இருக்கும். 192 கிலோஹெர்ட்ஸ்ல நல்ல மைக்ல எடுத்ததா இருந்தா மெதுவாக்கினாலும் மேல விஷயம் இருக்கும், நம்ம காதுக்கு கேக்காத அளவுல இருந்த சில்லறைச் சத்தமெல்லாம் கீழ இறங்கி வந்து கேக்கும், அது ஒரு தனி சொர்க்கம். அதனால ஃப்ரீசவுண்ட்ல சாம்பிள் ரேட் ஃபில்டர்ல 96, 192 போட்டு ஒரு நாள் முழுக்க சும்மா மேஞ்சு பாருங்க. எம்பி3யா ஏத்தினதை மட்டும் பிட்ச் இறக்குற வேலைக்கு எடுக்காதீங்க, கம்ப்ரெஷன்ல தூக்கிப்போட்ட இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா கேக்கும். சினிமாவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், இது எல்லாருக்கும் தெரிஞ்சது, 44.1 ஃபைலை செஷனுக்குள்ள கொண்டு வரும்போது ஒழுங்கா கன்வெர்ட் பண்ணுங்க, அவ்ளோதான்.

எலக்ட்ரோஅக்கூஸ்டிக்னு சொன்னேன்ல, அதுக்கு வரேன், எனக்கு உயிர் அங்கதான் இருக்கு. 1948ல பாரிஸ்ல ரேடியோவுல இன்ஜினியரா இருந்த பியர் ஷேஃபர், பத்தினியோல் ரயில்வே ஸ்டேஷனுக்கு போயி இன்ஜின் சத்தத்தை டிஸ்க்ல பதிவு பண்ணிட்டு வந்தார். அந்த சத்தங்களை வெட்டி, சுத்தவிட்டு, வேகத்தை மாத்தி, ரயில் சத்தத்தை வச்சே ஒரு மியூசிக் பீஸ் பண்ணி அதே வருஷம் ரேடியோவுல ஒலிபரப்பினார். வயலின் இல்ல, பாடகர் இல்ல, ஸ்வரம் எழுதின பேப்பர் இல்ல. அங்க இருந்துதான் மியூசிக் கான்க்ரீட் வந்துச்சு. அவர் சொன்னதுல எனக்கு பெருசா பட்டது என்னன்னா, ஒரு சத்தத்தை கேக்கும்போது அது எதுல இருந்து வருதுங்கிறதை மறந்துட்டு சத்தத்தை சத்தமா மட்டும் கேளு, அதோட மேடு பள்ளம், சொரசொரப்பு, அடர்த்தி, எப்படி ஆரம்பிக்குது, எப்படி சாகுது. சொல்ல சுலபம், செஞ்சு பாருங்க, ரொம்ப கஷ்டம், மூளை உடனே "இது மிக்ஸி"ன்னு சொல்லிடும். நான் ஒரு வருஷம் தினமும் காலைல அரை மணி நேரம் ஃப்ரீசவுண்ட்ல ஏதோ ஒரு சத்தத்தை பேரைப் பாக்காம திறந்து இருபது தடவை கேட்டு, என்ன சத்தம்னு எழுதாம, எப்படி இருக்குன்னு மட்டும் நோட்டுல எழுதுவேன். "ஈர மணல் மாதிரி ஆரம்பிச்சு கம்பியா முடியுது." இந்த மாதிரி. அந்த நோட்டுங்க இன்னும் வச்சிருக்கேன். சினிமாவுல ஒரு டைரக்டர் வந்து "இந்த சீன்ல பயம் வேணும் ஆனா பயமுறுத்தக் கூடாது"ன்னு சொல்லும்போது எனக்கு கை கொடுக்கிறது அந்த நோட்டுதான், எந்த ப்ளகினும் இல்ல.

சினிமாவும் இந்த மியூசிக்கும் வேற வேறன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஹாலிவுட் சவுண்ட் டிசைனர் வால்டர் மர்ச் சின்னப் பையனா டேப் ரெக்கார்டர் வச்சு வெட்டி ஒட்டி விளையாடிட்டு இருந்தப்போ ரேடியோவுல இந்த ஃப்ரெஞ்சு மியூசிக்கை கேட்டு அசந்துபோனவர், அவர்தான் பின்னாடி 1979ல அபோகாலிப்ஸ் நவ் படத்துக்கு சத்தத்தை டிசைன் பண்ணினார், சவுண்ட் டிசைன்ங்கிற பேரே அந்தப் படத்தாலதான் பரவுச்சு. அந்தப் படத்து ஆரம்பத்துல ஹெலிகாப்டர் றெக்கை சத்தமும் ரூம் ஃபேன் சுத்துறதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையும், அது ஒரு சுத்தமான எலக்ட்ரோஅக்கூஸ்டிக் கம்போஸிஷன், படத்துக்குள்ள இருக்குன்னு ஒரே வித்தியாசம். நம்ம நாட்டுலயும் இது அன்னியம் இல்ல. 1969ல அகமதாபாத் என்.ஐ.டி.ல (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) மூக் சிந்தசைசர்ங்கிற மின்னணு இசைக்கருவி வச்சு ஒரு எலக்ட்ரானிக் மியூசிக் ஸ்டுடியோ இருந்துச்சு, நியூயார்க்ல இருந்து டேவிட் ட்யூடர்ங்கிற இசைக்கலைஞர் வந்து அமைச்சுக் குடுத்தார், கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா இவங்க எல்லாம் அங்க டேப்ல வேலை பண்ணினாங்க. பண்ணின டேப்பெல்லாம் பல வருஷம் ஆவணக் காப்பகத்துலயே கிடந்து ரொம்ப பின்னாடிதான் வெளிய வந்துச்சு. அது அப்பவே நாலு பேர் கையில கிடைச்சிருந்தா நம்ம ஆளுங்க எங்க போயிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியும். ரெக்கார்ட் பண்றது பாதி வேலைதான், எடுத்துக்குற மாதிரி வெளிய வைக்கிறது மீதி பாதி. ஃப்ரீசவுண்ட் எனக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா அந்த மீதி பாதியைத்தான் அது செய்யுது.

இப்ப தவளை கதை. டெல்டாவுல நடக்குற ஒரு படம், ராத்திரி சீன், மழை விட்டு அரை மணி நேரம். நான் ஃப்ரீசவுண்ட்ல தேடி அழகான ஒரு குளத்தங்கரை ரெக்கார்டிங் எடுத்து போட்டேன், சுத்தமா இருந்துச்சு, ஸ்டீரியோ அகலம் பிரமாதம், டைரக்டரும் ஓகே சொல்லிட்டார். லேப்டாப்ல ஊருக்கு எடுத்துட்டு போயி ஹெட்ஃபோன்ல அம்மாவுக்கு போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டாங்க. ஹெட்ஃபோனை கழட்டிட்டு, "ஏம்ப்பா, இது நம்மூரு தவளையே இல்லையே. இது எங்க கத்துது?"ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. போயி டிஸ்கிரிப்ஷன் பாத்தா கலிஃபோர்னியா. அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், தவளைன்னா "ரிப்பிட் ரிப்பிட்"னு கத்தும்னு உலகமே நம்புதே, அப்படி கத்துறது வட அமெரிக்காவோட மேற்குக் கரை பக்கம் இருக்குற ஒரு சின்ன மரத்தவளை மட்டும்தான். ஹாலிவுட்காரங்க அவங்க வாசல்ல கத்தினதை ரெக்கார்ட் பண்ணி ஆப்பிரிக்கா காடு, ஆசியா காடு எல்லாத்துக்கும் போட்டு, கடைசில தவளைன்னாலே அதுதான்னு ஆயிடுச்சு. நம்மூர்ல மழைக்கு மஞ்சளா மாறி நிக்கிற பெரிய ஆண் தவளை எப்படி கத்தும்னு அம்மாவுக்கு தெரியும், தியேட்டர்ல உட்கார்ற அத்தனை டெல்டாக்காரங்களுக்கும் தெரியும். வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, ஆனா அந்த ராத்திரியை நம்ப மாட்டாங்க.

இதே மாதிரி இன்னொண்ணு, அமெரிக்காவுல எடுத்த வீட்டு ரூம் டோன்ல (யாரும் பேசாதப்போ அறைக்குள்ள இருக்குற சத்தம்) கரண்டு இரைச்சல் 60 ஹெர்ட்ஸ்ல இருக்கும், நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். ரெண்டுக்கும் கிட்டத்தட்ட மூணு அரை ஸ்வரம் (செமிடோன்) வித்தியாசம், சப்வூஃபர் இருக்குற தியேட்டர்ல நல்லாவே தெரியும். மாம்பலத்து வீட்டுக்குள்ள டெக்சாஸ் ஃப்ரிட்ஜ் ஓடும். நான் இப்ப வீட்டுக்குள்ள எடுத்த ரூம் டோன் எதுவா இருந்தாலும் முதல்ல அனலைசர்ல போட்டு 50ஆ 60ஆன்னு பாத்துட்டுதான் அடுத்த வேலை.

இது ஃப்ரீசவுண்ட் மேல குறை கிடையாது, தெளிவா சொல்லிடுறேன். அங்க ஒரு உலக மேப் இருக்கு, எந்த சத்தம் எந்த இடத்துல எடுத்ததுன்னு புள்ளி வச்சு காட்டும். ஐரோப்பா மேல மொய்ச்சுக் கிடக்கும். அப்படியே கிழக்கால நகர்த்தி நம்ம பக்கம் வந்து பாருங்க, மனசு கனக்கும். நாம ஏத்தினாத்தானே இருக்கும். பார்சிலோனாவுல இருக்குறவங்க வந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை ரெக்கார்ட் பண்ணுவாங்களா? சொல்லப்போனா அவங்க வந்தாங்க. அதே மியூசிக் டெக்னாலஜி குரூப், சேவியர் செரா தலைமையில, 2011ல இருந்து காம்ப்மியூசிக்னு ஒரு ப்ராஜெக்ட் பண்ணினாங்க, அதுல கர்நாடக சங்கீதம் ஒரு பெரிய பகுதி, நம்ம ஐஐடி மெட்ராஸ் ஹேமா மூர்த்தி மேடம் குழுவும் சேர்ந்து ராகம், தாளம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் எப்படி புரிஞ்சுக்கும்னு வேலை பண்ணினாங்க. அவ்ளோ தூரத்துல இருந்து நம்ம சங்கீதத்தை மதிச்சு வந்தவங்க நடத்துற இடம் இது. நம்ம சத்தத்தை அங்க கொண்டுபோயி வைக்க நமக்கு என்ன தடை?

இன்னொரு காரணமும் இருக்கு. 2020ல ஃப்ரீசவுண்ட் சத்தங்களை வச்சு 51,197 க்ளிப், 200 வகைன்னு ஒரு தொகுப்பு வெளியிட்டாங்க, சத்தத்தை கேட்டு இது என்னன்னு கண்டுபிடிக்க மெஷினுக்கு சொல்லிக்குடுக்க ஆராய்ச்சியாளருங்க அதை யூஸ் பண்றாங்க. நம்ம தெரு அதுக்குள்ள இல்லன்னா மெஷினுக்கும் நம்ம தெரு தெரியாது.

தவளை கதைக்கு திரும்ப வரேன். அம்மா அப்படி சொன்ன அந்த ஐப்பசியிலயே ஊருக்கு போனேன். நினைச்ச மாதிரி சுலபமா இல்ல. சாயங்காலம் மழை விட்டதும் தவளை நல்லா கத்துது, ஆனா கோயில் ஸ்பீக்கர், பைக், பக்கத்து வீட்டு டிவி. பத்து மணிக்கு மேல மோட்டார் செட் ஓடுது. கடைசில ராத்திரி மூணு மணிக்கு வரப்புல ரெக்கார்டரை வச்சு, மைக்குக்கு டெட் கேட் (காத்து இரைச்சலைத் தடுக்குற ரோம உறை) மாட்டி, நான் முப்பது அடி தள்ளிப்போயி சாக்குப்பையை தலைமேல போட்டுக்கிட்டு அசையாம உட்கார்ந்தேன், ஏன்னா ஆள் கிட்ட இருந்தா தவளை வாயை மூடிக்கும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஒண்ணு ஆரம்பிச்சுது, அப்புறம் எதிர் வயல்ல ஒண்ணு பதில் சொல்லுச்சு, அப்புறம் எல்லாம் சேர்ந்து. நாப்பது நிமிஷம் கிடைச்சுது. அதுதான் படத்துல இருக்கு. அம்மா மறுபடி கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, கண்ணை மூடிக்கிட்டு முழுசா கேட்டாங்க, எனக்கு அது போதும்.

அதுல நல்ல ஆறு நிமிஷத்தை வெட்டி ஃப்ரீசவுண்ட்ல சிசி ஜீரோவா ஏத்தினேன். ஏத்துறது ரொம்ப எளிசு, ஃபைலை போடு, பேர், டேக், விவரம், மேப்ல இடம் (வீட்டு வாசலையே குத்திடாதீங்க, கொஞ்சம் தள்ளி வைங்க), லைசென்ஸ், மாடரேட்டர் பாத்து விட்டதும் வெளிய வந்துடும். டேக் இங்கிலீஷ்லயும் வைங்க, தமிழ்லயும் பேரை எழுதுங்க. வெறும் "ஃப்ராக்ஸ்"னு போட்டா ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணு. எந்த மாசம், மழை விட்டு எவ்ளோ நேரம், நெல்லு எந்த உயரத்துல நிக்குது, இதெல்லாம் எழுதணும், ஏன்னா நட்ட வயலுக்கும் அறுத்த வயலுக்கும் சத்தம் வேற. அதுல இருந்து வருஷத்துக்கு இருபது முப்பதுன்னு ஏத்திட்டு இருக்கேன். பிரஷர் குக்கர், கிரைண்டர், ஷேர் ஆட்டோவுக்குள்ள உட்கார்ந்து எடுத்தது, எழும்பூர் ஸ்டேஷன் அறிவிப்பு, பால்காரர் சைக்கிள், கிணத்து ராட்டினம். மனுஷங்க பேசுறது அடையாளம் தெரியுற மாதிரி விழுந்தா மட்டும் ஏத்த மாட்டேன், அவங்ககிட்ட கேக்காம அது சரியில்ல.

வேற இடங்களையும் சொல்லணும்ல. பிபிசி சவுண்ட் எஃபெக்ட்ஸ் ஆர்க்கைவ் 2018ல 16,000 சத்தத்தோட திறந்தாங்க, கேக்குறதுக்கும் படிக்கிறதுக்கும் அற்புதம், ஆனா இலவசமா எடுக்குறது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான், படத்துக்குன்னா காசு குடுத்து உரிமை வாங்கணும். பறவைக்கு செனோ-கான்டோ, எந்த ஊர்ல எந்தக் குருவி எப்படி கத்தும்னு தெரிஞ்சுக்க அதுதான் பைபிள், செம்போத்து எந்த நேரத்துல கத்தும்னு செக் பண்ண நான் போவேன், ஆனா அங்கயும் பெரும்பாலும் நான்-கமர்ஷியல் லைசென்ஸ், அதனால கேட்டு தெரிஞ்சுக்கிட்டு நீங்களே போயி ரெக்கார்ட் பண்ணுங்க. வெடி, கார் கிராஷ், துப்பாக்கி இதுக்கெல்லாம் காசு குடுத்து வாங்குற லைப்ரரிதான் சரி, அதுல கஞ்சத்தனம் வேணாம். ஃப்ரீசவுண்டோட பலம் அது இல்ல. விசித்திரமான ஒத்தை சத்தம், யாரோ ஒருத்தர் ஆசையா எடுத்த கதவு, இடத்தோட வாசனை உள்ள ஆம்பியன்ஸ், கம்போஸ் பண்றதுக்கான மூலப்பொருள், இதுக்கு இதை அடிச்சுக்க ஒண்ணு இல்ல.

மார்க் குடுக்கணும்னா 5க்கு 4.5 குடுப்பேன். அந்த அரை மார்க் அவங்ககிட்ட இருந்து பிடிச்சது இல்ல, அந்த மேப்ல நம்ம பக்கம் காலியா கிடக்குற இடத்துக்கு. இந்த தொழிலுக்கு வரணும்னு நினைக்கிறவங்க முதல்ல ரெக்கார்டர் வாங்கணும்னு கூட அவசியம் இல்ல, ஒரு சுமாரான ஹெட்ஃபோனும் இந்த அக்கவுண்டும் போதும் முதல் ஆறு மாசத்துக்கு. ஒரு நிமிஷ சீன் ஒண்ணை எடுத்து சத்தத்தை மொத்தமா ம்யூட் பண்ணிட்டு, சிசி ஜீரோ சத்தத்தை மட்டும் வச்சு திரும்ப கட்டிப் பாருங்க, அப்புறம் படத்தை மறைச்சுட்டு அதே சத்தத்தை தனியா மியூசிக்கா நிக்க வைக்க முடியுதான்னு பாருங்க. வேலை தேடிப்போற இடத்துல அந்த ரெண்டு ஃபைலையும் போட்டுக் காட்டுங்க, நானா இருந்தா சர்டிஃபிகேட்டை கேக்க மாட்டேன். முடிஞ்சா வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களுக்கு சின்னதா நன்கொடையும் குடுங்க, நான் ஒவ்வொரு படம் முடிஞ்சதும் குடுத்துடுவேன்.

நேத்து அம்மா போன் பண்ணினாங்க. "தம்பி, ரைஸ் மில்லுல பழைய மெஷினை கழட்டப் போறாங்களாம், அடுத்த வாரம் புதுசு வருதாம், அந்த பெல்ட்டு அடிக்கிற சத்தம் உனக்கு வேணும்னா சீக்கிரம் வந்து புடிச்சுக்க"ன்னாங்க. மில்லு ஓனர்கிட்ட அவங்களே பேசி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுட்டேன். 192 கிலோஹெர்ட்ஸ்ல எடுக்கணும், வெளிய இருந்து ஒண்ணு, நெல்லு கொட்டுற இடத்துல ஒண்ணு, மெஷின் நின்னப்புறம் பெல்ட் தானா ஓஞ்சு நிக்கிற வரைக்கும் ஒண்ணு. அடுத்த வாரக் கடைசில மேப்ல மன்னார்குடி பக்கம் பாருங்க, ஏத்தி வச்சிருப்பேன், சிசி ஜீரோதான், எடுத்துக்கோங்க.